போர்முனையில் செய்தியாளர்கள்: உயிராபத்தும் சிறைவாசமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் நடக்கும் இடத்திலிருந்து செய்தி அனுப்பும் ஒருவர் கொல்லப்படும்போதும் காணாமல் போகும்போதும் வாசகர்கள் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையா, பிடிபட்டால் யார் கேட்பார்கள், தண்டனை யாருக்காவது கிடைத்ததா என்று கேட்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் எல்லாச் செய்தியாளரும் சமம்தான். ஆனால் நடைமுறையில் ஒருவர் உயிரோடு திரும்புவதை அவருடைய கடவுச்சீட்டும், அவருக்குப் பின்னால் நிற்கும் நிறுவனமும், அவர் எங்கே இருக்கிறார் என்பது வெளியுலகுக்குத் தெரிகிறதா என்பதும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. அந்த ஏற்றத்தாழ்வை மறைக்காமல் இந்தப் பதில்களை எழுத முயன்றிருக்கிறோம்.

போர்ச் செய்தியாளருக்கு அனைத்துலகச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டா?

தனிச் சலுகை எதுவும் இல்லை. குடிமக்களுக்கு உள்ள பாதுகாப்பு அவருக்கும் உண்டு. போர் விதிகளை வகுக்கும் 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 79ஆவது பிரிவு, ஆயுத மோதல் நடக்கும் பகுதியில் ஆபத்தான தொழிற்பணியில் ஈடுபட்டிருக்கும் பத்திரிகையாளர்களைக் குடிமக்களாகவே கருத வேண்டும் என்று சொல்கிறது. அவர் ஆயுதம் ஏந்தினாலோ, ஒரு படைக்குத் தாக்குதலுக்கான தகவல் கொடுத்தாலோ அந்தப் பாதுகாப்பை இழப்பார். ஒரு தரப்பின் மீது அனுதாபத்தோடு எழுதுவதாலும், எதிரியின் பேட்டியை ஒளிபரப்புவதாலும் அவர் தாக்குதலுக்குரிய இலக்காக மாறிவிடுவதில்லை. இந்த வேறுபாட்டைப் படைத் தலைமைகள் அடிக்கடி வேண்டுமென்றே குழப்புகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐ.நா. பாதுகாப்பு அவை 2006இல் 1738ஆம் எண் தீர்மானத்தையும், 2015இல் 2222ஆம் எண் தீர்மானத்தையும் நிறைவேற்றி இதே கடமையை நாடுகளுக்கு நினைவூட்டியது. சட்டம் எழுதப்படாமல் இல்லை. அதை மீறுபவரைக் கூண்டில் ஏற்றுவதற்கு ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

படையோடு சேர்ந்து பயணிப்பவருக்கும் தனியாகச் செல்பவருக்கும் என்ன வேறுபாடு?

ஒரு படையின் அனுமதியோடும் அடையாள அட்டையோடும் அதனுடன் செல்பவர், எதிரியிடம் பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய உரிமைகளைப் பெறுவார் என்று மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவு கூறுகிறது. தனியாகச் செல்பவர் பிடிபட்டால் குடிமகனாக நடத்தப்பட வேண்டும். காகிதத்தில் முதலாமவருக்கு இரண்டு பாதுகாப்புகள் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் படை தாக்கப்படும்போது அதன் வாகனத்தில் இருப்பவரும் சேர்ந்தே தாக்கப்படுகிறார். ராய்ட்டர்ஸ் புகைப்படக் கலைஞரும் புலிட்சர் பரிசு பெற்றவருமான இந்தியர் டேனிஷ் சித்திக்கி, ஆப்கானிஸ்தானின் சிறப்புப் படையினருடன் சென்றிருந்தபோது 2021 ஜூலை 16 அன்று காந்தஹார் மாகாணத்தின் ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார். மறுபுறம், படையோடு செல்பவர் அந்தப் படை காட்ட விரும்புவதையே பெரும்பாலும் பார்க்கிறார். குண்டு விழுந்த வீட்டுக்குள் இருந்தவர்களிடம் பேச வேண்டுமானால் யாராவது தனியாகப் போய்த்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் ஒரு படை செய்தியாளரைப் பிடித்து அடைக்கவே கூடாதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், தவிர்க்க முடியாத பாதுகாப்புக் காரணம் இருந்தால் ஒரு குடிமகனைத் தடுத்து வைக்க அனுமதிக்கிறது. கூடவே அந்த முடிவை எதிர்த்து முறையிடும் உரிமையும், குறித்த கால இடைவெளியில் மறுபரிசீலனையும், குடும்பத்துக்குத் தகவலும், செஞ்சிலுவைக் குழுவின் சந்திப்பும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. செய்தி சேகரித்தார் என்பது மட்டும் பாதுகாப்புக் காரணம் ஆகாது. உளவாளி என்ற குற்றச்சாட்டுதான் எல்லா நாடுகளுக்கும் எளிதாகக் கைவருவது. 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளின்படி, மறைவாகவோ பொய் வேடத்திலோ எதிரிக்காகத் தகவல் திரட்டுபவரே உளவாளி. கழுத்தில் அட்டையும் கையில் கேமராவும் வைத்துக்கொண்டு பகிரங்கமாகக் கேள்வி கேட்பவரை அந்த வரையறைக்குள் அடைக்க முடியாது.

இந்த நிபந்தனைகளை மீறியவை சர்வாதிகார அரசுகள் மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம். அல் ஜசீராவின் சூடானிய ஒளிப்பதிவாளர் சாமி அல்-ஹாஜ் 2001 டிசம்பரில் பாகிஸ்தான்–ஆப்கானிஸ்தான் எல்லையில் பிடிக்கப்பட்டு, அமெரிக்காவின் குவாண்டனாமோ முகாமில் 2008 மே மாதம் வரை எந்தக் குற்றச்சாட்டும் பதியப்படாமல் அடைத்து வைக்கப்பட்டார். அங்கே அவர் ஓராண்டுக்கும் மேலாக உண்ணாவிரதம் இருந்தார்; கட்டாயமாகக் குழாய் வழியே உணவு செலுத்தப்பட்டது. விசாரணைகளில் பெரும்பகுதி அல் ஜசீரா நிறுவனத்தைப் பற்றியே இருந்தது என்று அவருடைய வழக்கறிஞர் கூறினார். ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் ஈராக்கியப் புகைப்படக் கலைஞர் பிலால் ஹுசைன், புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் ஒருவராக இருந்தும், 2006 ஏப்ரல் முதல் இரண்டு ஆண்டுகள் அமெரிக்கப் படையின் காவலில் இருந்தார். குற்றத் தீர்ப்பு ஏதுமின்றியே வெளியே வந்தார்.

செய்தியாளர்கள் பெரும்பாலும் எப்படிப் பிடிபடுகிறார்கள்?

சோதனைச் சாவடியில்தான். முன்வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும் போரில், காலையில் ஒருவர் கையிலிருந்த சாலை மாலையில் மற்றவர் கைக்குப் போயிருக்கும். தகவல் வந்து சேர்வதற்குள் வண்டி அங்கே போய் நின்றிருக்கும்.

2011 மார்ச் 15 அன்று லிபியாவின் அஜ்தாபியா நகரத்தின் ஓரத்தில் நடந்தது இதற்கு நன்கு பதிவான சான்று. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஆந்தனி ஷாடிட், லின்சி அடாரியோ, ஸ்டீபன் ஃபாரல், டைலர் ஹிக்ஸ் ஆகிய நால்வரும் நகரத்தை விட்டு வெளியேறும்போது, அப்போதைய ஆட்சியாளர் கடாஃபியின் படையினர் புதிதாக அமைத்திருந்த சாவடிக்குள் அவர்களுடைய கார் நுழைந்துவிட்டது. அவர்களைக் காரிலிருந்து இழுத்து இறக்கும்போதே, கடாஃபியை எதிர்த்த கிளர்ச்சிப் படையினர் சுடத் தொடங்கினார்கள். கடாஃபியின் படையினர் நால்வரையும் மண்ணில் முகம் குப்புறக் கிடத்தி, வயர், காலணிக் கயிறு என்று கிடைத்ததைக் கொண்டு கைகளைக் கட்டினார்கள். சுட்டுவிடலாம் என்று ஒரு படைவீரர் அரபியில் சொன்னதும், கூடாது, இவர்கள் அமெரிக்கர்கள் என்று இன்னொருவர் தடுத்ததும் அரபி தெரிந்த ஷாடிட்டின் காதில் விழுந்தன. அடுத்த நாள்களில் கண்கள் கட்டப்பட்ட நிலையில் ஒவ்வொரு ஊராக அவர்களை மாற்றியபோது அடியும், அடாரியோ மீது பாலியல் சீண்டலும் தொடர்ந்தன. மார்ச் 21 அன்று துருக்கித் தூதரகத்தின் உதவியோடு அவர்கள் விடுதலையானார்கள். காரை ஓட்டிவந்த லிபிய இளைஞர் முகமது ஷக்லூஃப் உயிர் பிழைக்கவில்லை.

அமெரிக்கர்கள் என்ற அந்த ஒரு சொல் நால்வரைக் காத்தது. ஓட்டுநருக்காகச் சொல்ல அப்படி ஒரு சொல் இல்லை. அந்த நால்வரும் பின்னர் எழுதிய கூட்டுக் கட்டுரையில், தாங்கள் எடுத்த முடிவுகளுக்கு அந்த இளைஞர் விலை கொடுத்தார் என்ற வேதனையை மறைக்காமல் பதிவு செய்தார்கள்.

உள்ளூர்ச் செய்தியாளர்களுக்கும் ஃபிக்ஸர்களுக்கும் ஆபத்து அதிகம் என்பது உண்மையா?

உண்மை. போர்க்களங்களில் உயிரிழக்கும் செய்தியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். வெளிநாட்டு நிருபருக்கு வண்டி, வழி, மொழிபெயர்ப்பு, தொடர்பு எல்லாம் ஏற்பாடு செய்து தருபவரை ஊடக உலகில் ஃபிக்ஸர் என்கிறார்கள். அவர் இல்லாமல் பாதிச் செய்திகள் வெளியே வந்திருக்க முடியாது. ஆனால் கட்டுரையின் மேலே அவர் பெயர் இருப்பது அரிது. காப்பீடு இருப்பது அதைவிட அரிது. பணி முடிந்ததும் விமானம் ஏறிப் போகும் வழியும் அவருக்கு இல்லை. அவருடைய வீடும் பிள்ளைகளின் பள்ளியும் அங்கேயே இருக்கின்றன, மிரட்டுபவருக்கு முகவரியும் தெரிந்திருக்கிறது.

மேலே சொன்ன ஸ்டீபன் ஃபாரல் அதற்கு முன்பே ஒருமுறை கடத்தப்பட்டவர். 2009 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் மாகாணத்தில், எரிபொருள் லாரிகள் மீது நேட்டோ நடத்திய வான்தாக்குதலில் எத்தனை குடிமக்கள் இறந்தார்கள் என்று அறிய அவரும் ஆப்கானியச் செய்தியாளர் சுல்தான் முனாதியும் சென்றபோது தாலிபான்கள் இருவரையும் பிடித்துக்கொண்டார்கள். செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் கமாண்டோக்கள் நடத்திய மீட்பு நடவடிக்கையில் ஃபாரல் மீட்கப்பட்டார். தாங்கள் செய்தியாளர்கள் என்று கத்திக்கொண்டே முன்னால் நடந்த முனாதி துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவருடைய உடல் அங்கேயே விடப்பட்டது. குடும்பத்தினர்தான் போய் எடுத்து வந்தார்கள். ஜெர்மனியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த அவர் விடுமுறைக்கு ஊர் திரும்பியிருந்த நேரம் அது. ஒரே பணியில் ஒன்றாகச் சென்ற இருவரின் உயிர்களுக்கு ஏன் வெவ்வேறு மதிப்பு என்று ஆப்கானியச் செய்தியாளர்கள் அன்று கேட்டதற்கு இன்றுவரை நேர்மையான பதில் வரவில்லை.

காவலில் இருப்பதையே ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?

அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. கைது செய்ததை ஒப்புக்கொண்ட அரசு, அந்த உயிருக்குத் தானே பொறுப்பு என்பதையும் ஒப்புக்கொண்டதாகிறது. வழக்கறிஞர் மனு போடலாம், தூதரகம் கேள்வி கேட்கலாம், கைதிகள் பரிமாற்றப் பட்டியலில் பெயர் சேரலாம். ஒப்புக்கொள்ளாத இடத்தில் இவை எதற்கும் பிடிமானம் கிடையாது.

உக்ரைனியச் செய்தியாளர் விக்டோரியா ரோஷ்சினாவுக்கு நேர்ந்ததை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ரஷ்யா ஆக்கிரமித்த பகுதிகளில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நேரில் போய் எழுதிய மிகச் சிலரில் அவர் ஒருவர். 2022 மார்ச்சில் பெர்தியான்ஸ்க் நகரில் ஒருமுறை பிடிபட்டு, ரஷ்யப் படை தன் உயிரைக் காத்தது என்று ஒளிப்பதிவில் பேச வைக்கப்பட்ட பிறகு விடப்பட்டார். ஆயினும் 2023 கோடையில் மீண்டும் ஆக்கிரமிப்புப் பகுதிக்குள் சென்றார். ஆகஸ்ட் தொடக்கத்தில் தொடர்பு அறுந்தது. மாதக்கணக்கில் அவர் எங்கே என்று தந்தைக்கு யாரும் சொல்லவில்லை. தங்கள் காவலில்தான் இருக்கிறார் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 2024 வசந்தகாலத்தில்தான் கடிதம் எழுதியது. அதற்குள் அவர், சித்திரவதைக்குப் பெயர்போன, ரஷ்யாவிலுள்ள தாகன்ரோக் விசாரணைச் சிறை வரை கொண்டுசெல்லப்பட்டிருந்தார். உடன் இருந்தவர்கள் அவர் எலும்பும் தோலுமாகியிருந்ததைப் பின்னர் விவரித்தார்கள். 2024 செப்டம்பர் 19 அன்று அவர் இறந்தார் என்று ரஷ்யத் தரப்பு அறிவித்தது. அந்த நாளில் அவருக்கு 28 வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

2025 பிப்ரவரியில் போரில் இறந்தவர்களின் உடல்கள் பரிமாறப்பட்டபோது, அடையாளம் தெரியாத ஆண் என்று எழுதப்பட்ட பையில் அவருடைய உடல் வந்தது. மரபணுச் சோதனைதான் அது விக்டோரியா என்று உறுதி செய்தது. உடலில் காயங்களும், முறிந்த விலா எலும்பும், மின்சாரம் பாய்ச்சியிருக்கலாம் என்று கருதத்தக்க தழும்புகளும் இருந்தன. மூளையும் கண்விழிகளும் அகற்றப்பட்டிருந்ததால் இறப்பின் காரணத்தை நிலைநாட்ட முடியாத நிலை ஏற்பட்டது. காவல் முழுவதையும் மறைத்தவர்கள் கடைசியில் அந்தப் பெண்ணின் பெயரையும் மறைக்கப் பார்த்தார்கள் என்றே இதைப் படிக்க முடிகிறது.

சிரியாவில் 2012 ஆகஸ்டில் காணாமல் போன அமெரிக்கச் செய்தியாளர் ஆஸ்டின் டைஸ் விஷயத்திலும் அசாத் அரசு அவர் தங்களிடம் இருப்பதாக ஒருபோதும் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளவில்லை. 2024 டிசம்பரில் அந்த ஆட்சி வீழ்ந்து சிறைக் கதவுகள் திறந்தபோது வெளியே வந்தவர்களில் அவர் இல்லை.

பிணைப்பணம் கொடுத்து மீட்கலாமா?

எளிய பதில் கிடையாது. 2012 முதல் 2014 வரை ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) இயக்கம் சிரியாவில் பல நாட்டுச் செய்தியாளர்களையும் தொண்டுப் பணியாளர்களையும் ஒரே இடத்தில் அடைத்து வைத்திருந்தது. ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டவர்கள் 2014 வசந்தகாலத்தில் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். பணம் கைமாறியதாகப் பரவலாகச் செய்தி வந்தது. பிரான்ஸ் அரசு அதை மறுத்தது. பணம் கொடுப்பதில்லை என்ற கொள்கை கொண்ட அமெரிக்காவின் ஜேம்ஸ் ஃபோலி அதே ஆண்டு ஆகஸ்டிலும், ஸ்டீவன் சோட்லாஃப் செப்டம்பரிலும் கொல்லப்பட்டார்கள். ஃபோலி அதற்கு முன் 2011இல் லிபியாவில் 44 நாள்கள் சிறைப்பட்டு மீண்டவர்.

பணம் கொடுத்தால் அடுத்த கடத்தலுக்கு முதலீடு ஆகும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் தனிப்பட்ட முறையில் பணம் திரட்ட முயன்ற பெற்றோரை, உங்கள் மீதே வழக்குப் பாயும் என்று அரசு அதிகாரிகள் மிரட்டியது எந்த வகையிலும் நியாயமல்ல. குடும்பங்களின் போராட்டத்துக்குப் பிறகு 2015 ஜூனில் அமெரிக்கா தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. குடும்பத்தினர் மீது வழக்குத் தொடர மாட்டோம் என்று அறிவித்து, பிணைக்கைதி மீட்புக்கெனத் தனிப் பிரிவையும் அமைத்தது.

கடத்தல் செய்தியை வெளியிடாமல் வைப்பது சரியா?

சில நாள்களுக்குச் சரியாக இருக்கலாம். நியூயார்க் டைம்ஸின் டேவிட் ரோட் 2008 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் கடத்தப்பட்டபோது, பத்திரிகையின் வேண்டுகோளை ஏற்று உலகின் பெரிய ஊடகங்கள் ஏழு மாதம் மௌனம் காத்தன. விளம்பரம் கூடினால் விலையும் கூடும் என்பது அப்போதைய கணக்கு. அவரும் ஆப்கானியச் செய்தியாளர் தாஹிர் லுதினும் 2009 ஜூனில் சுவரேறிக் குதித்துத் தப்பினார்கள். கொள்ளைக் கூட்டமோ கிளர்ச்சிக் குழுவோ பிடித்து வைத்திருக்கும்போது இந்த மௌனம் உதவக்கூடும். ஓர் அரசே பிடித்து வைத்துக்கொண்டு மறுக்கும்போது மௌனம் அந்த அரசுக்கே உதவும் என்பது எங்கள் கருத்து. அங்கே பெயரைத் திரும்பத் திரும்ப உரக்கச் சொல்வதே தேவை.

‘பிரஸ்’ என்று எழுதிய அங்கி காப்பாற்றுமா?

சிதறும் உலோகத் துண்டிலிருந்து காப்பாற்றலாம். குறிபார்ப்பவரின் எண்ணத்திலிருந்து காப்பாற்றாது. அல் ஜசீராவின் ஷிரீன் அபு அக்லே 2022 மே 11 அன்று பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையிலுள்ள ஜெனினில் சுடப்பட்டபோது நீல அங்கியும் தலைக்கவசமும் அணிந்திருந்தார். தோட்டா தலைக்கவசத்துக்குக் கீழே பாய்ந்தது. 2023 அக்டோபர் 13 அன்று தெற்கு லெபனானில், தெளிவாகத் தெரியும்படி அங்கி அணிந்து திறந்தவெளியில் நின்றிருந்த செய்தியாளர் குழு மீது இஸ்ரேலியப் பீரங்கி வண்டி சுட்டதில் ராய்ட்டர்ஸின் இஸ்ஸாம் அப்தல்லா இறந்தார், ஆறு பேர் காயமடைந்தார்கள். இப்போது உக்ரைன் முன்வரிசையில் ட்ரோன்களின் காலம். கேமரா பொருத்திய ட்ரோனை இயக்குபவருக்குக் கீழே நிற்பவரின் அங்கியில் எழுதியிருப்பது தெரியும் வாய்ப்பு உண்டு. அதனாலேயே, அந்த எழுத்து காக்கிறதா காட்டிக்கொடுக்கிறதா என்று செய்தியாளர்கள் தங்களுக்குள் விவாதிக்கிறார்கள்.

காஸாவில் நடப்பது மற்ற போர்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இரண்டு விதங்களில். முதலாவது, 2023 அக்டோபருக்குப் பிறகு வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாக உள்ளே செல்ல இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. இராணுவத்தின் துணையோடு போய்வரும் குறுகிய பயணங்களே அவர்களுக்குக் கிடைத்தன. ஆகவே உலகம் பார்த்த படங்கள் ஏறத்தாழ முழுவதையும் பாலஸ்தீனச் செய்தியாளர்களே எடுத்தார்கள். கூடாரத்தில் தங்கி, பசியோடு, தங்கள் வீட்டாரை அடக்கம் செய்துவிட்டு வந்து கேமராவைத் தூக்கினார்கள். இரண்டாவது, இழப்பின் அளவு. நியூயார்க்கிலுள்ள பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 1992 முதல் வைத்திருக்கும் பதிவுகளில் வேறெந்தப் போரிலும் இத்தனை செய்தியாளர்கள் கொல்லப்பட்டதில்லை. 2024இல் உலகெங்கும் கொல்லப்பட்டதாக அது கணக்கிட்ட 124 பேரில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் இஸ்ரேலியப் படையால் உயிரிழந்தவர்கள்.

அல் ஜசீராவின் அனஸ் அல்-ஷரீஃப் ஹமாஸைச் சேர்ந்தவர் என்று இஸ்ரேல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியபோது, இது அவரைக் கொல்வதற்கான முன்னேற்பாடு என்று அஞ்சிய பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 2025 ஜூலையிலேயே அவரைப் பாதுகாக்கக் கோரியது. ஆகஸ்ட் 10 அன்று அல்-ஷிஃபா மருத்துவமனை அருகே கூடாரத்தில் சக ஊழியர்களோடு அவர் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, கான் யூனிஸ் நகரின் நாசர் மருத்துவமனை மீது அடுத்தடுத்து விழுந்த தாக்குதல்களில் ஐந்து செய்தியாளர்கள் இறந்தார்கள். முதல் அடி விழுந்த மாடிப்படியில் ராய்ட்டர்ஸுக்காக நேரலை ஓடிக்கொண்டிருந்தது. காயமடைந்தவர்களைத் தூக்க ஓடியவர்களும் அதைப் படமெடுக்கச் சென்றவர்களும் அடுத்த அடியில் வீழ்ந்தார்கள்.

சிறைவாசமும் இதோடு சேர்ந்ததே. 2024 டிசம்பர் 1 நிலவரப்படி உலகில் 361 செய்தியாளர்கள் சிறையில் இருந்தார்கள். சீனாவுக்கு அடுத்து அதிகம் பேரை, அதாவது 43 பேரை, இஸ்ரேல் வைத்திருந்தது. அவர்கள் அனைவரும் பாலஸ்தீனர்கள். பலர் குற்றச்சாட்டே இல்லாத நிர்வாகத் தடுப்புக்காவலில் இருந்தவர்கள்.

இலங்கைப் போரில் செய்தியாளர்கள் எதைச் சந்தித்தார்கள்?

தமிழ் வாசகர்களிடம் இதை விளக்கத் தேவையில்லை என்று தோன்றலாம்; ஆனால் இளையவர்களுக்குப் பெயர்கள் மறந்துபோகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசிக்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், இராணுவக் கட்டுப்பாடு இறுகியிருந்த பகுதியிலுள்ள தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சன்னல் வழியாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டுக்குள் கைக்குண்டும் வீசப்பட்டுக் குடும்பத்தினர் காயமடைந்தார்கள். பொதுமக்கள் வெளியே வர முடியாத நேரத்தில் கொலைகாரர்கள் மட்டும் எப்படி வந்து போனார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தராகி என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 அன்று கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் பிணமாகக் கிடந்தார்.

சட்டத்தையே ஆயுதமாக்கியதற்குச் சான்று ஜே.எஸ். திசைநாயகம். கைதான நண்பர்களைப் பற்றி விசாரிக்கப் பயங்கரவாதத் தடுப்பு விசாரணைப் பிரிவுக்குப் போன அவரை 2008 மார்ச் 7 அன்று அங்கேயே கைது செய்தார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் கழித்தே குற்றச்சாட்டு வந்தது. 2006இல் ஓர் ஆங்கில மாத இதழில் அவர் எழுதிய கட்டுரைகள் அதில் மையமாக இருந்தன. 2009 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 20 ஆண்டு கடுங்காவல் விதித்தது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2010 ஜனவரியில் பிணையும், மே மாதம் பொதுமன்னிப்பும் கிடைத்தன. எழுதியது குற்றமே அல்ல என்னும்போது மன்னிப்பு எதற்கு என்று கேட்பதில் தவறில்லை.

வெளிநாட்டவரும் தப்பவில்லை. தடையை மீறி வன்னிக்குள் சென்று மக்களின் நிலையை எழுதிய அமெரிக்கச் செய்தியாளர் மேரி கோல்வின், 2001 ஏப்ரலில் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் திரும்பும்போது, தான் செய்தியாளர் என்று கத்திய பிறகும் படையினர் சுட்டதில் இடக்கண் பார்வையை இழந்தார். போரின் இறுதி மாதங்களில் சுதந்திரமான செய்தியாளர் எவரும் களத்துக்குள் விடப்படவில்லை. முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று பின்னர் கேட்டவர்கள், சாட்சிகளை வெளியே நிறுத்தியது யார் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

பயிற்சியும் காப்பீடும் எவ்வளவு உதவும்?

சில உயிர்களை நிச்சயமாகக் காக்கும். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் எறிகணைத் துண்டு தொடையில் பாய்ந்த புகைப்படக் கலைஞர் டிம் ஹெதரிங்டன், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ரத்தம் வடிந்து இறந்தார். உடன் இருந்தவர்களுக்கு ரத்தப்போக்கை நிறுத்தும் முறை தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம் என்று அறிந்த நண்பர் செபாஸ்டியன் யுங்கர், சுயேச்சைச் செய்தியாளர்களுக்கு முதலுதவி கற்பிக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு கவச அங்கியும் தலைக்கவசமும் இரவல் தருகிறது. இருந்தும், கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் சுயேச்சைச் செய்தியாளரிடம் காப்பீட்டுத் தொகையை நீயே கட்டிக்கொள் என்று சொல்லும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. செய்தியை வாங்குபவர் ஆபத்தின் செலவையும் ஏற்க வேண்டும். ஓட்டுநருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அதே அங்கி, அதே காப்பீடு என்பதை எழுத்தில் தராத நிறுவனத்துக்குப் போர்முனைக்கு ஆள் அனுப்பும் தகுதி இல்லை.

கொலை செய்தவர்கள் தண்டிக்கப்படுகிறார்களா?

மிக அரிதாக. செய்தியாளர் கொலைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் தீர்க்கப்படாமல் கிடக்கின்றன என்று யுனெஸ்கோ 2024இல் கணக்கிட்டது. 2013 நவம்பர் 2 அன்று மாலியின் கிடால் நகரில் கடத்திக் கொல்லப்பட்ட கிலேன் துய்போன், குளோத் வெர்லோன் என்ற இரு பிரெஞ்சு வானொலியாளர்களின் நினைவாக, அந்த நாளை ஐ.நா. இத்தகைய குற்றங்களுக்குத் தண்டனையின்மையை ஒழிக்கும் நாளாக அறிவித்தது. 2007 ஜூலை 12 அன்று பாக்தாதில் அமெரிக்க ஹெலிகாப்டர் சுட்டுக் கொன்ற ராய்ட்டர்ஸின் நமிர் நூர்-எல்தீன், சயீத் ஷ்மாக் இருவரின் இறுதி நிமிடங்களை, 2010இல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட காணொளியில் உலகமே பார்த்தது. சுட்டவர் எவர்மீதும் நடவடிக்கை இல்லை.

விதிவிலக்காக ஒரு தீர்ப்பைச் சொல்லலாம். வன்னியில் கண்ணை இழந்த அதே மேரி கோல்வின் 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில், தற்காலிக ஊடக மையத்தின் மீது விழுந்த எறிகணையில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ரெமி ஓஷ்லிக்கோடு இறந்தார். செய்தியாளர் என்பதற்காகவே சிரிய அரசு அவரைக் குறிவைத்துக் கொன்றது என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று முடிவு செய்து, 30 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. குடும்பம் வழக்குத் தொடுக்க முடிந்ததற்குக் காரணம் அவர் அமெரிக்கக் குடிமகள் என்பதே. அதே மையத்தைச் சுற்றி இறந்த சிரியக் குடிமக்கள்-செய்தியாளர்களின் வீட்டாருக்கு அப்படி ஒரு நீதிமன்றக் கதவு அன்று திறந்திருக்கவில்லை.

ஒருவர் பிடிபட்டது தெரிந்தால் குடும்பத்தினர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு 1985 முதல் செய்தியாளர்களுக்கென ஒரு அவசரத் தொடர்பு வசதியை நடத்துகிறது. குடும்பமோ நிறுவனமோ சங்கமோ அதை அணுகலாம். பிடிபட்டவரின் முழுப் பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, கடைசியாக இருந்த இடமும் நேரமும், யார் பிடித்திருக்கக்கூடும் என்பவற்றை முன்பே எழுதி வைத்திருப்பது நல்லது. களத்துக்குப் புறப்படும் எவரும் இந்த விவரங்களை நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச் செல்ல வேண்டும். செஞ்சிலுவைக் குழு விடுதலையைக் கட்டாயப்படுத்த முடியாது, பகிரங்கமாகப் பேசவும் பேசாது. அவர் இருக்கும் இடத்தை உறுதிசெய்ய, காவலில் சென்று பார்க்க, மருந்து கொடுக்க, வீட்டுக்குக் கடிதம் கொண்டுவர அது முயலும். அதோடு தூதரகத்துக்கும் பத்திரிகையாளர் அமைப்புகளுக்கும் ஒரே நாளில் தெரிவிக்க வேண்டும். பிடிபட்டவரின் பழைய சமூக ஊடகப் பதிவுகளையும் கணக்குகளையும் என்ன செய்வது என்று அவர்களைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். விசாரிப்பவர்கள் அவற்றைத்தான் முதலில் புரட்டுவார்கள். கூடவே பிடிபட்ட ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், உதவியாளர் பெயர்களை அந்த முதல் கடிதத்திலேயே சேர்க்க வேண்டும். பேச்சுவார்த்தை தொடங்கிய பிறகு புதிதாக ஒரு பெயரைச் சேர்ப்பது மிகவும் கடினம்.